கிணற்றில் உப்பு ஏறுகிறது, இன்னும் ஆழமாகப் போர் போடலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். தெற்கே கிள்ளையிலிருந்து வடக்கே காலாப்பட்டு வரை கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள், கிணற்றுத் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை பகுதி முழுக்கக் கிணறுதான். மற்றக் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் வீடு தாழங்குடா பக்கம். கடலிலிருந்து அரை கிலோமீட்டர்கூட இருக்காது. என் மாமியார் காலத்து உறைக்கிணறு, 18 அடி. சுனாமிக்குப் பிறகு கொஞ்ச காலம் கெட்டுப்போய், பிறகு தானாகவே நல்லதாகிவிட்ட தண்ணீர். எங்களுக்குக் கிழக்கே சவுக்குத் தோப்பு இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மரத்தை வெட்டி, மணல்மேட்டை ஜேசிபி வைத்துச் சமப்படுத்தி, பிளாட் போட்டார்கள். இப்போது அங்கே பதினாலு வீடு, ஒரு தங்கும் விடுதி. எல்லாரும் 100 அடி, 120 அடி என்று போர் போட்டிருக்கிறார்கள். இந்தக் கோடையில் துவரம்பருப்பு வேக மாட்டேன் என்கிறது, சோப்பு நுரைப்பதில்லை, கனகாம்பரம் இலை ஓரமெல்லாம் தீய்ந்து போகிறது. பக்கத்து வீட்டுத் தம்பி, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்து 1,450 என்றார். 200 அடி போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்கிறான் என் மகன். போடலாமா?

பதில்: அம்மா, இப்போதைக்குப் போடாதீர்கள். மகன் நல்லதை நினைத்துத்தான் சொல்கிறார், ஆனால் ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் என்ற கணக்கு கடலோரத்தில் தலைகீழாகிவிடும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் பண்ருட்டியில் போர் போட்டவர் சொல்லும் அனுபவம் தாழங்குடாவுக்குப் பொருந்தாது.

உங்கள் கிணற்றில் இத்தனை வருஷம் நீங்கள் மொண்ட தண்ணீர், பெரும்பாலும் அந்த மணலில் விழுந்த மழைதான். மணலுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர், அடியில் ஏற்கனவே இருக்கிற உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. காரணம் எடை. நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்றால், கடல் தண்ணீர் அதைவிட 25 கிராம் கூடுதல். துறைமுகத்தில் தண்ணீர்த் தொட்டிக்குள் ஐஸ் கட்டி விழுந்தால் எப்படி மிதக்கும் என்று பார்த்திருப்பீர்கள், மேலே தெரிவது ஒரு பங்கு, தண்ணீருக்குள் இருப்பது ஒன்பது பங்கு. நல்ல தண்ணீரும் அப்படித்தான் மிதக்கிறது, ஆனால் விகிதம் இன்னும் பெரியது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும். 1880களின் கடைசியில் ஹாலந்தில் கைபென் என்பவரும், 1901-ல் ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியாகக் கண்டு சொன்ன கணக்கு இது.

இதைக் கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கும், ஒரு அடிக்கு 40 அடி. ஆனால் அதே கணக்கு திரும்பி வரும்போதுதான் வலிக்கும். உங்கள் பகுதியில் மழைக்காலம் முடிந்ததும் நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே இரண்டு அடி நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள், கீழே 80 அடி வரை நல்லது. பதினாலு வீட்டு மோட்டாரும் விடுதி மோட்டாரும் சேர்ந்து அதில் ஒரு அடியை இறக்கிவிட்டால், கீழே இருக்கும் உப்பு ஒரு அடி ஏறாது, காலப்போக்கில் 40 அடி ஏறும். அப்போது 120 அடி போரின் அடிப்பாகம் எங்கே நிற்கும், 200 அடி போர் எங்கே போய் நிற்கும் என்று மகனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். நிலத்துக்கடியில் மணலும் களிமண்ணும் மாறி மாறி இருப்பதால் இது அடிக்கு அடி அச்சாக வராது, நல்லதுக்கும் உப்புக்கும் நடுவில் ஒரு கலப்புப் பட்டையும் இருக்கும். ஆனால் போகிற திசை மாறாது. அதுமட்டுமில்லை, ஒரு போரில் மோட்டார் ஓடும்போது அதற்கு நேர் கீழே உப்புத்தண்ணீர் மணல்குவியல் மாதிரிக் கூம்பாக எழும்பும். வேகமாக இழுத்தால் கூம்பு உயரமாகும். பெரிய குதிரைத்திறன் மோட்டார் போட்டு அரை மணியில் டேங்க் நிரப்புகிறவர் தன் கிணற்றைத் தானே கெடுத்துக்கொள்கிறார், பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து.

கடல் உள்ளே வருகிறது என்று எல்லாரும் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் கடல் எப்போதும் அங்கேயேதான் இருக்கிறது, அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்த நல்ல தண்ணீரை நாம் இறக்கிவிடுகிறோம். அந்த மணல்மேடு இருந்ததே, அது வெறும் மண் குவியல் இல்லை. கடலூர்க் கரையில் மழையைக் குடித்து, உயரமாக வைத்திருந்து, மெதுவாகக் கிணறுகளுக்குக் கொடுத்த தொட்டி அது. அதைச் சமப்படுத்தி, மேலே சிமெண்ட் கல் பாவி, கீழே பதினைந்து போர் இறக்கினால் வரவை நிறுத்திவிட்டுச் செலவைப் பலமடங்கு ஆக்கியதாகிறது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. மரத்தை வெட்டினால் ஊர் கேட்கிறது, மணல்மேட்டை வெட்டினால் யாரும் கேட்பதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் போர் போடுகிறவர் வந்து நான் சொல்வது தப்பு என்பார். நம் மாவட்டத்தின் பெயரிலேயே ஒரு பாறை அடுக்கு இருக்கிறது, கடலூர் மணற்பாறை என்பார்கள். நெய்வேலிப் பக்கம் தரை மட்டத்தில் தொடங்கி, கடலை நோக்கிச் சரிந்து போகிறது. அதற்குள் அழுத்தத்தோடு நல்ல தண்ணீர் இருக்கிறது. ஒரு காலத்தில் நம் பக்கம் குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலேயே தண்ணீர் பொங்கி வந்த ஊர்கள் உண்டு. கடலோரத்திலும் சில இடங்களில் மேல் மணலில் உப்பு, அதற்குக் கீழே களிமண், அதற்கும் கீழே நல்ல தண்ணீர் என்று இருக்கும். அப்படியானால் ஆழப் போர் சரிதானே என்று கேட்பீர்கள். அதைப் போடும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மேல் அடுக்குக்கு, போரின் சுவராக நிற்கும் கேசிங் பைப்பை முழுசாக இறக்கி, பைப்புக்கும் மண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கைக் களிமண்ணோ சிமெண்டோ வைத்து அடைக்க வேண்டும். செலவு மிச்சம் என்று பாதியில் கேசிங்கை நிறுத்தினால் மேலே இருக்கும் உப்பு அந்த இடுக்கு வழியாகவே கீழே இறங்கி, ஊருக்கே பொதுவான ஆழத்துத் தண்ணீரைக் கெடுக்கும். கைவிட்ட பழைய போரை மூடாமல் விட்டாலும் இதேதான். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே இருக்கும் இதே தண்ணீரின் அழுத்தத்தைக் குறைக்க இரவு பகலாக இறைத்தபடி இருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள், ஆழத்துத் தண்ணீரும் அள்ள அள்ளக் குறையாத பொருள் இல்லை.

இனி உங்கள் 1,450. கடல் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். உங்கள் கிணறு முன்பு 400 என்று இருந்திருந்தால், இப்போது நூறு குடத்தில் மூன்று குடம் கடல் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றே குடம்தான். இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு 500-க்குள் இருக்கச் சொல்கிறது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. அதனால் இன்றைக்கே பயப்பட வேண்டாம், ஆனால் வீட்டில் ரத்தக் கொதிப்போ சிறுநீரகத் தொந்தரவோ உள்ளவர் இருந்தால் அவர் குடிப்பதற்கு மட்டும் வேறு தண்ணீர் பாருங்கள். பருப்பு வேகாதது தற்செயல் இல்லை. உப்புத்தண்ணீர் முதன்முதலாக மணலுக்குள் நுழையும்போது அதன் சோடியத்தை மண் பிடித்துக்கொண்டு, தன்னிடம் இருந்த சுண்ணாம்பை விட்டுவிடும். அதனால் நாக்குக்கு உப்பு தெரிவதற்கு முன்பே தண்ணீர் கடினமாகிவிடும், பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. சமையலறைதான் முதலில் கண்டுபிடிக்கும். கவனித்து எழுதினீர்களே, அதுவே பெரிய விஷயம்.

சரி, என்ன செய்வது? உறைக்கிணற்றையே வைத்துக்கொள்ளுங்கள். மேல் தண்ணீரை மட்டும் எடுக்க அதைவிட நல்ல அமைப்பு கிடையாது. மோட்டாரின் உறிஞ்சு குழாய் கிணற்றின் அடியில் கிடந்தால் மேலே தூக்கி, தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு மூன்று அடி கீழே நிற்கிற மாதிரிக் கட்டுங்கள். சின்ன மோட்டார் போதும். ஒரே மூச்சில் இறைக்காமல் காலையில் கொஞ்சம், மதியம் கொஞ்சம், சாயந்திரம் கொஞ்சம். கூரை மழை முழுவதையும் கிணற்றைச் சுற்றியுள்ள மணலுக்குள் இறக்குங்கள். அதைப் பற்றிக் கீழே ஒரு தம்பிக்கு எழுதியிருக்கிறேன்.

அப்புறம், இன்றைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு நைலான் கயிற்றில் கனமான நட்டு ஒன்றைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, மாதம் ஒருமுறை அமாவாசையன்று விடிகாலையில், மோட்டார் போடுவதற்கு முன், கிணற்று விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். பக்கத்திலேயே டிடிஎஸ் எண். அமாவாசை ஏன் என்றால், கடலோரக் கிணற்றில் ஓதத்துக்கு, அதாவது கடல் மட்டம் தினமும் ஏறி இறங்குவதற்கு, ஏற்பத் தண்ணீர் ஏறி இறங்கும், ஒரே மாதிரி ஓத நாளில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். மீட்டர் சில நூறு ரூபாய்தான், தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும். பிளாட் வருவதற்கு முன் உங்கள் தெருவில் யாராவது ஒருவர் இப்படி எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு அந்த நோட்டை மேசை மேல் வைத்துப் பேசலாம். அது இல்லாததால்தான், எப்போதுமே இங்கே உப்புத்தானே என்று எதிர்த்தரப்பு சுலபமாகச் சொல்லிவிடுகிறது. இன்னும் தோப்பாகவே இருக்கும் ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து இந்த அமாவாசையிலிருந்தே தொடங்குங்கள்.

கேள்வி: கடலூர் முதுநகரில் எங்கள் தெருக் கிணறுகளில் உப்பு. கடல் என்கிறார்கள் சிலர், உப்பனாறு என்கிறார்கள் சிலர், கழிவறைத் தொட்டிதான் என்கிறார் எங்கள் வாத்தியார். எதை நம்புவது?

பதில்: வாத்தியார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். மீட்டர் காட்டும் டிடிஎஸ் எண்ணுக்கு உப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் சோதித்துத் தருவார்கள். சுத்தமான பாட்டிலை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு, மோட்டார் ஐந்து நிமிஷம் ஓடிய பிறகு பிடித்துக்கொண்டு போங்கள். குளோரைடு, நைட்ரேட் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். குளோரைடும் ஏறி நைட்ரேட்டும் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் கழிவறைத் தொட்டியைச் சந்தேகப்படுங்கள். குளோரைடு எக்கச்சக்கமாக ஏறி, நைட்ரேட் அடங்கி இருந்தால் கடல் பக்கம்தான் கை காட்டும். இரண்டும் சேர்ந்திருக்கும் தெருக்களும் உண்டு.

உப்பனாறும் கடலும் உங்கள் ஊரில் வேறுவேறு இல்லை. ஓதம் ஏறும்போது கடல்தான் ஆற்று வழியாக ஊருக்குள் வருகிறது. அதனால் கடற்கரையிலிருந்து தள்ளியிருந்தும் கழிமுகத்தை ஒட்டிய கிணறுகள் கரிக்கும். பெண்ணையாறு, கெடிலம் பக்கத்திலும் இந்தக் கதைதான். ஆற்றில் மணலை அள்ளி அள்ளிப் படுகை தாழ்ந்துவிட்டால், முன்பு எட்டாத தூரத்துக்கு உப்பு ஏறி வருகிறது. கோடையில் கூடி, ஆற்றில் வெள்ளம் வந்ததும் குறைகிற உப்பு என்றால் ஆற்று வழிதான் என்று ஓரளவு முடிவுக்கு வரலாம்.

கேள்வி: நான் இருப்பது காலாப்பட்டு. தெருக்கோடியில் அடியில் கார் நிறுத்த இடம் வைத்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். குழிக்குள் ஊறும் தண்ணீரை நாலு மாதமாக இரவு பகல் பார்க்காமல் இறைத்து வாய்க்காலில் விடுகிறார்கள். எங்கள் கிணறு ஆறு அடி இறங்கிவிட்டது, இப்போது லேசாகக் கரிக்கிறது. போய்க் கேட்டால் எங்கள் மனை, எங்கள் தண்ணீர் என்கிறார்கள். சட்டம் அப்படித்தானா?

பதில்: அவர்கள் சொல்வது அந்தரத்திலிருந்து வந்த பேச்சு இல்லை, 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தில் வேர் இருக்கிறது. தன் நிலத்துக்கடியில் வரையறுத்த வாய்க்காலாக ஓடாத தண்ணீரைச் சேர்த்து எடுத்துக்கொள்ளும் உரிமை நிலத்துக்காரருக்கு உண்டு என்று அது சொல்கிறது. ஏற்றமும் கவலை இறைப்பும் இருந்த காலத்துச் சட்டம். மாடு இழுத்து இறைத்த வரைக்கும் அது யாரையும் பெரிதாகக் கெடுக்கவில்லை.

ஆனால் அதோடு முடியவில்லை. புதுச்சேரியில் 2002-ல் நிலத்தடி நீர்க் கட்டுப்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது, அதற்கென ஒரு நிலத்தடி நீர் ஆணையமும் இருக்கிறது. தோண்டவும் எடுக்கவும் அனுமதி என்ற வழி அங்கே இருக்கிறது, அதனால் உங்கள் மனு முதலில் போக வேண்டியது அந்த ஆணையத்துக்கு. இறைக்க அனுமதி வாங்கினார்களா, எவ்வளவு இறைக்கிறார்கள், எங்கே விடுகிறார்கள் என்ற மூன்று கேள்வியைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனியாகவும் கேளுங்கள். கடலிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் உதவும். 2011 அறிவிக்கை, கடலின் உயர் ஓத எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ளூர் மக்கள் தங்கள் தேவைக்கு எடுப்பதைத் தவிர நிலத்தடி நீர் எடுப்பதைத் தடுத்தது. 200 முதல் 500 மீட்டர் வரை, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைக்க மட்டும் விட்டது. 2019 ஜனவரியில் புது அறிவிக்கை வந்திருக்கிறது, மனுவில் இரண்டையும் குறிப்பிடுங்கள்.

உங்கள் ஊரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. காலாப்பட்டு புதுச்சேரி, வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு தமிழ்நாடு, தெற்கே பொம்மையார்பாளையம் தமிழ்நாடு. மேலே கோடு கிழித்திருக்கிறோம், கீழே மணல் ஒரே மணல். தமிழ்நாட்டில் 2003-ல் கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தை 2013-ல் ரத்து செய்துவிட்டார்கள், அது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம். அந்தப் பக்கத்து வாசகர்களுக்கு மிச்சமிருப்பது, ஊராட்சிகளில் கிணறு தோண்டுவதற்கு அனுமதி வாங்கச் சொல்லும் 2015 விதிகள், கடலோர அறிவிக்கை, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள், அப்புறம் கிராம சபை. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் இப்போது கிராம சபை கூடுகிறது. கிணற்று நோட்டை எடுத்துக்கொண்டு போக அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

வழக்கு, மனு எல்லாம் நேரம் எடுக்கும். அதற்குள் பொறியாளரிடம் நேராக ஒரு கோரிக்கை வையுங்கள். இறைக்கிற தண்ணீரைச் சோதித்து, நல்லதாக இருந்தால் வாய்க்காலுக்கு அனுப்பாமல், தெருவின் மேற்குப் பக்கம் குழியெடுத்து மணலுக்குள்ளேயே திரும்ப விடச் சொல்லுங்கள். ஒரு பைப்பும் ஒரு குழியும்தான் செலவு. தெருவே சேர்ந்து போய்க் கேட்டால் ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: கிணற்றில் நெல்லிக்கட்டை போட்டால் உப்பு போய்விடும் என்று தாத்தா சொல்கிறார். உண்மையா?

பதில்: நெல்லிக்கட்டை போடுவது நம் பழக்கம், தண்ணீரின் ருசி மாறும் என்று பல வீட்டில் சொல்வார்கள், தாத்தா சொல்வதைத் தட்ட வேண்டாம். தேத்தாங்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும். ஆனால் கரைந்த உப்பை இரண்டும் எடுக்காது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு கூடத்தான் செய்யும்.

கேள்வி: அண்ணா, வீராம்பட்டினம் பக்கம் சின்ன மனை வாங்கியிருக்கிறேன். நானும் அந்தப் புது வீட்டுக்காரர்களில் ஒருவன்தான். அக்கம்பக்கத்துக் கிணற்றைக் கெடுக்காமல் வீடு கட்ட முடியுமா?

பதில்: முடியும் தம்பி. இப்படிக் கேட்டு வந்த ஒரே கடிதம் உங்களுடையது, நிறைவாக இருந்தது.

முதலில் கூரை. நம் பக்கம் வருஷத்துக்குச் சராசரியாக 1,200 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வரும் வடகிழக்குப் பருவத்தில். 1,000 சதுர அடி கூரையில் விழுவதில் சிதறலும் ஆவியும் போக எண்பது சதவீதம் பிடித்தாலும் ஏறக்குறைய 90,000 லிட்டர். நாலு பேர் குடும்பம், ஆளுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுகோலில் புழங்கினால் ஐந்தரை மாதத் தண்ணீர் அது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியது. தெருவெல்லாம் ஆறாக ஓடிக் கடலுக்குப் போனது. அதில் உங்கள் கூரையளவுத் தண்ணீரையாவது மணல் குடித்திருக்கலாம்.

இதை ஆழப் போருக்குள் இறக்காதீர்கள். ஆழத்துக்குப் போனால் அக்கம்பக்கத்து மேல் கிணறுகளுக்கு உதவாது, அழுக்கும் நேராக ஆழத்துக்குப் போகும். நாலைந்து உறை இறக்கி, அடியில் கருங்கல் ஜல்லி, அதன் மேல் பெருமணல் போட்டு, கூரைக் குழாயை அதில் விடுங்கள். முதல் மழையை மட்டும் வெளியே தள்ள ஒரு மூடி. மணல் மனையாக இருப்பதால் களிமண் ஊர் மாதிரித் தேங்காது, சரசரவென்று இறங்கும். தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், அந்த வருஷம் வைத்த குழிகள் பலவற்றில் இன்றைக்குச் சருகும் பிளாஸ்டிக்கும்தான் கிடக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசியில் மணலை வெளியே எடுத்து அலசிப் போட்டால்தான் குழி வேலை செய்யும். அரை நாள் வேலை, இரண்டு ஆள்.

அப்புறம் வாசலும் கொல்லையும். எல்லா இடத்திலும் சிமெண்ட் கல் பதிக்கச் சொல்வார் மேஸ்திரி, மண் உள்ளே வராமல் சுத்தமாக இருக்கும் என்பார். வண்டி ஏறும் தடம் மட்டும் போட்டு, மற்றதை மணலாகவே விடுங்கள். மனையில் மேடு இருந்தால் வெட்டாமல் மேட்டின் மேலேயே வீட்டை எழுப்புங்கள், புயல் வெள்ளத்துக்கும் அதுதான் பாதுகாப்பு. கழிவறைத் தொட்டி பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு மேற்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், நம் கரையில் நிலத்தடித் தண்ணீர் பொதுவாக மேற்கிலிருந்து கடலை நோக்கித்தான் நகரும்.

கேள்வி: ஆர்.ஓ. மெஷின் வைத்துவிட்டோம். பிரச்சினை தீர்ந்தது என்று சொல்லலாமா?

பதில்: குடிக்கும் தண்ணீருக்குத் தீர்ந்தது, கிணற்றுக்குத் தீரவில்லை. வீட்டு மெஷின் ஒரு குடம் நல்ல தண்ணீர் தர இரண்டு மூன்று குடம் கழிவைத் தள்ளும், அதற்காக அவ்வளவும் கூடுதலாக இறைக்க வேண்டும். அந்தக் கழிவில் உப்பு இன்னும் கெட்டியாக இருக்கும். அதைப் பயன்படுத்தாத போரில் விடுகிற பழக்கம் சில இடத்தில் பார்க்கிறேன், அதைப் போலக் கெடுதல் வேறில்லை. தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிள்ளைப் பக்கம் எங்கள் நெல் வயலை ஒட்டி இறால் குட்டை வெட்டியிருக்கிறார்கள். கிணறு கெட்டுவிட்டது.

பதில்: மேலே நிற்கும் உப்புத்தண்ணீர் கீழே கசிவதற்குக் கடல் வேண்டியதில்லை, குட்டையே போதும். இது பழைய போராட்டம். காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிறகு 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. பதிவு இல்லாமல் பண்ணை நடத்தக் கூடாது. அந்தக் குட்டைக்குப் பதிவு இருக்கிறதா என்று மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். கூடவே கிணற்றுச் சோதனைத் தாளை இணையுங்கள், வயலுக்கும் குட்டைக்கும் இடைப்பட்ட தூரத்தை டேப் வைத்து அளந்து எழுதுங்கள்.

கேள்வி: புயலில் கடல் தண்ணீர் ஊருக்குள் வந்து கிணற்றில் இறங்கிவிட்டால் உடனே முழுசாக இறைத்துவிட வேண்டுமா?

பதில்: இதற்கு என் குடும்பத்தில் நடந்ததையே சொல்கிறேன். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் என் அத்தை வீட்டுக் கிணறு சேறும் உப்புமாகக் கிடந்தது. உதவிக்கு வந்தவர்கள் நல்ல மனசோடு பெரிய டீசல் என்ஜினை வைத்துத் தெருவெல்லாம் இறைத்தார்கள். காலையில் இறைப்பார்கள், சாயந்திரம் பழையபடி ஊறும், ருசி பார்த்தால் முன்பைவிட உப்பாக இருக்கும். வெளியே விட்ட தண்ணீரும் அதே மணலில் இறங்கித் திரும்பி வந்தது. இலங்கையில் மட்டக்களப்புக் கரையிலும் அப்போது இதே அனுபவம்தான். மேலே மெல்லிசாக இருந்த நல்ல தண்ணீரையும் வாரி வெளியே கொட்டிவிட்டு, அடியிலிருந்த உப்பை மேலே அழைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் அத்தை என்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டார். பிணமும் சேறும் அகற்ற ஒருமுறை இறைத்தது போதும் என்றார். அப்புறம் கிணற்றைத் தொடவே இல்லை, லாரித் தண்ணீரில் காலம் தள்ளினார். ஓலைக் கூரை போய், வந்த புது ஓட்டுக் கூரையின் தாழ்வாரத் தண்ணீரை மட்டும் கிணற்றடிக்குத் திருப்பிவிட்டார். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் ஒரு சொம்பு மொண்டு ருசி பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், கீழே ஊற்றிவிடுவார். இரண்டாவது வருஷம் மழை முடிந்த பிறகு அந்தத் தண்ணீரில் துணி துவைத்தார். அதற்கும் அடுத்த மழைக்குப் பிறகுதான் உலையில் ஊற்றினார்.

அதனால் சேறை எடுக்க மெதுவாக ஒருமுறை இறையுங்கள், தண்ணீரைத் தூரத்தில் விடுங்கள், கிருமிக்கு பிளீச்சிங் பவுடர் போடுங்கள், அது உப்பைப் போக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். மிச்சத்தை மழைக்கு விட்டுவிட்டு, அமாவாசைக்கு அமாவாசை மீட்டரை வைத்துப் பாருங்கள். எண் இறங்கிக்கொண்டிருக்கும் வரைக்கும் மோட்டாரைப் போடாதீர்கள்.